தோட்டில் மின்னுவது கல்லா, பட்டையா?

மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. கூட்டுப் பணமும் இந்த மாதம் கைக்கு வருகிறது. "ஒரு ஜோடி வைரத்தோடு போட்டு அனுப்பினால்தானே நமக்கும் மரியாதை" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. பினாங்குக்குப் பஸ் ஏறுமுன் இதைச் சற்றுப் படித்துவிட்டுப் போங்கள்.

என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் திருமணத்துக்குத் தோடு வாங்கப் போனபோது நான் எடையை மட்டுமே கேட்டேன். கடை விளக்கில் அந்தக் கல் கண்ணைப் பறித்தது. மெர்கோங்கில் மணமேடையில் அமர்ந்தபோதோ கண்ணாடித் துண்டுபோல் மங்கிக் கிடந்தது. பின்னர் ஓர் அவசரத்துக்கு விற்கப் போனாள். தங்கத்துக்கு மட்டும் விலை பேசினார்கள். மனம் வராமல் திரும்பி வந்தாள். கல் அசல் வைரம்தான். பட்டை தீட்டியதில்தான் கோளாறு.

வைரத்தின் ஒளி அதன் உடம்பில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. மேலே விழும் வெளிச்சம் அடிப்பட்டைகளில் மோதித் திரும்பி நம் கண்ணுக்கே வரவேண்டும். அடிப்பகுதி அளவுக்கு மீறி ஆழமானால் நடுவில் கருமை தட்டும். தட்டையானால் மீன்கண் போல ஒரு வெளிறிய வளையம் தெரியும். மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் 1919இல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார்: மேற்பகுதி 34.5 பாகை, அடிப்பகுதி 40.75 பாகை. நம் பிள்ளைகள் பள்ளியில் பிடிக்கும் அதே பாகைமானிக் கணக்குதான்!

பிறகு ஏன் எல்லாரும் அப்படியே வெட்டுவதில்லை? விலை எடைக்கு அல்லவா! வயிறு பெருத்த கல்லாக விட்டால் எடை மிஞ்சும். ஆகவே எடையோடு அகலத்தையும் கேளுங்கள். நன்றாகத் தீட்டிய வட்டக் கல், ஒரு கேரட் என்றால் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அரை கேரட் 5க்குச் சற்று மேல். கால் கேரட் 4. இதைவிட மிகக் குறைந்தால், நீங்கள் கொடுக்கும் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத வயிற்றுக்குப் போகிறது.

நம் பாட்டிமார்களின் தோடுகள் பின்புறம் அடைத்துக் கட்டியவை. அடிப்பட்டையைப் பார்க்கவே வழியில்லை. "இது புளூ ஜாகர்" என்று வேறு சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துக் கல்லுக்கு வந்த பெயர் அது. இன்று நீலம் தட்டிய எந்தக் கல்லுக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். பெயருக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். கட்டுமுன் கல்லைத் தனியே காட்டச் சொல்லி, வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சற்றுப் பெரிய கல்லானால் சான்றிதழ் கேளுங்கள். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் 2006 முதல் வட்டக் கற்களின் பட்டைக்கு எக்ஸலண்ட் தொடங்கி பூர் வரை ஐந்து தரம் போடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமா என்பதையும் கேளுங்கள். அதுவும் வைரமே, விலை மிகக் குறைவு. திருப்பி விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. 1976 முதல் கடைக்கு வந்த சிர்கோனியாவோ வைரமே அல்ல. நாம் 'அமெரிக்கன் டைமண்ட்' என்கிறோமே, அதுதான்.

கல்லின் எடை, அகலம், இயற்கைக் கல்லா என்பது, திருப்பி எடுக்கும் விலை, எல்லாம் ரசீதில் எழுத்தில் இருக்கட்டும். ஏமாற்றம் நேர்ந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை 5 வெள்ளிக் கட்டணத்தில் ஏற்கும், வழக்கறிஞர் வேண்டாம். ரசீது இல்லாமல் போனதால்தான் நான் வாயடைத்து நின்றேன்.

வைரத்துக்கு எண்ணெய் என்றால் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. சுரங்கங்களில் கொழுப்புத் தடவிய பலகையில் வைரத்தைப் பிடித்த காலமும் இருந்தது. தலைக்கு எண்ணெயும் சமையல் புகையும் சேர்ந்தால் நல்ல கல்லும் மங்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவலாம். தங்கையின் தோட்டையும் அப்படிக் கழுவிப் பார்த்தோம். ஓரம் தெளிந்தது, நடுவிலிருந்த கருமை மட்டும் அப்படியே இருந்தது.