கருங்காலியைச் சுமக்கும் ஆமை

காட்டை மீட்பது என்றதும் குழி தோண்டிக் கன்று நடுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. நட்ட மரம் காய்க்கத் தொடங்கிய பிறகு அந்த விதையை யார் கொண்டுபோவது? மொரீசியஸ் தீவின் கதையைக் கேளுங்கள்.

1638இல் அங்கே குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலியை வெட்டிக் கப்பலேற்றினார்கள். பின்னால் வந்தவர்கள் காட்டை அழித்துக் கரும்பு போட்டார்கள். டோடோ பறவை அற்றுப்போனதை உலகம் அறியும். அத்தீவுக்கே உரிய இரண்டு வகைப் பெரிய நிலத்தாமைகளும் அற்றுப்போனதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

தென்கிழக்குக் கரையை ஒட்டி 26 ஹெக்டேர் அளவில் எக்ரெத் என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. விறகுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய கருங்காலிகள் அங்கே நின்றன. 1965இல் அது காப்பகமானது. மரங்கள் காய்த்துப் பழுத்தும், வெட்டவெளியான பகுதிகளுக்குக் கருங்காலி திரும்பவில்லை. பழங்கள் தாய்மரத்தின் அடியிலேயே குவிந்தன. அந்தப் பெரிய விதையை முழுதாக விழுங்கி, தள்ளிப் போய்க் கழிக்க ஒரு பெரிய வாய் வேண்டும். அந்த வாய் ஆமைகளோடு போய்விட்டது.

2000இல் மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை, அல்டாப்ரா பவளத்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட பெரிய ஆமைகளை அங்கே கொண்டுவந்து விட்டது. அவை பழத்தைத் தின்றன, நடந்தன, சாணமிட்டன. ஆமையின் குடல் வழியே வந்த விதைகள் நன்றாக முளைத்தன. தாய்மரங்களுக்கு வெகுதூரத்தில் கருங்காலிக் கன்றுகள் கூட்டங்கூட்டமாக எழுந்தன.

அயல் உயிர்களால் நொந்த தீவில் இன்னொரு அயல் உயிரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எலியை விட்டால் பிடிக்க முடியாது. ஆமையோ மெதுவாகப் பெருகும், கண்ணுக்குத் தெரியும், வேலிக்குள் அடங்கும். தவறு நேர்ந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். நம் ஊரில் ஆட்டுக்கு ஒடித்துப் போடும் சவுண்டல் அங்கே பெருங்களை; அதன் கன்றுகளையும் ஆமைகள் மேய்கின்றன.

ஆமை வந்ததால் மனிதர் வேலை தீர்ந்துவிடவில்லை. களை பிடுங்குவதும் நாற்றங்காலில் கன்று வளர்ப்பதும் தொடர்கின்றன. ஆனால் நாம் நட்டது நம் கையை எதிர்பார்த்தே நிற்கும்வரை அது தோட்டம். தன் விதையைத் தானே அனுப்பத் தொடங்கும்போதுதான் அது காடு. ஆகவே கன்று நடும் இடத்தில் எண்ணிக்கையைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த மரத்தின் பழத்தைத் தின்ன யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.