டைகர் பீரும் ரெண்டு அண்ணன்களும்!

ஃபைனல் இயர் நெருங்க நெருங்க 'ஆன்சைட்' கனவு வருதா? கனவுல கழுத்துல ஐடி கார்டு, கையில அந்த ஊர் பீர், பின்னாடி பளபள கட்டடங்கள்... சரிதானே? கொஞ்சம் பொறுங்க. அந்த கிளாஸைத் தூக்குறதுக்கு முன்னாடி எங்க செவிலிமேட்டுக் கதை ஒண்ணைக் கேட்டுட்டுப் போங்க.

(முதல்லயே சொல்லிடறேன். எனக்கு வயசு 20. தமிழ்நாட்டுல 21 ஆகணும். அதனால இது அனுபவம் இல்ல, வெறும் கேள்வி ஞானம்தான்!)

பொங்கலுக்கு எங்க தெருவுக்கு சிங்கப்பூர்ல இருந்து ரெண்டு அண்ணன்கள் வந்திருந்தாங்க. ஒருத்தர் சாஃப்ட்வேர். மூத்தவர், தறியை நிறுத்திட்டு கட்டட வேலைக்குப் போனவர். சாயங்காலம் பாலாத்துப் பாலம் பக்கம் உட்கார்ந்து, 'அங்க பீர் எப்படிண்ணா?'னு மெதுவா கொளுத்திப் போட்டேன். ரெண்டு பேர் வாயிலயும் ஒரே பேர்... டைகர்!

சிங்கப்பூரோட சொந்தச் சரக்கு இது. ஃப்ரேசர் அண்ட் நீவ் கம்பெனியும் ஹாலந்து ஹைனெகனும் சேர்ந்து ஆரம்பிச்ச மலாயன் ப்ரூவரீஸ், 1932-ல கொண்டு வந்தது. ஆல்கஹால் 5 சதவிகிதம். ஆங்கில எழுத்தாளர் ஆண்டனி பர்ஜெஸ் 1956-ல வெளியான தன் முதல் நாவலுக்கு இந்த பீரோட விளம்பர வாசகத்தையே தலைப்பா வெச்சார்னா பார்த்துக்கோங்க!

'பேரு காபிக் கடை. ஆனா, பெரிய பாட்டில் பீர் கிடைக்கும். அதை நடுவுல வெச்சு, ஐஸ் போட்டு, ஆளுக்குக் கொஞ்சமா ஊத்திக்குவோம். ஆபீஸ்ல ஆறு மாசமா ஹாய் மட்டும் சொன்ன சீனப் பையன், அன்னிக்குத்தான் அவங்க அம்மாவைப் பத்திப் பேசினான். எனக்கு அதுதாண்டா கிக்கு' என்றார் சாஃப்ட்வேர் அண்ணன்.

மூத்தவர் சிரிச்சார். 'நமக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு தம்பி. லிட்டில் இந்தியா போவோம். வீட்டுக்குப் பணம் அனுப்பிட்டு, ஒரு சாப்பாடு, அப்புறம் புல்தரையில நம்ம ஆளுங்களோட ஒரு டின்னு. கடைக்குள்ள உக்காந்தா கட்டுப்படி ஆவாது. அதுவும் போச்சு...'

ஏன் போச்சு? 2013 டிசம்பர் 8, ஞாயிறு ராத்திரி. லிட்டில் இந்தியாவுல தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருத்தர் பஸ் மோதி இறந்துட்டார். கூட்டத்தோட கோபம் கலவரமா வெடிச்சது. சுமார் 300 பேர். போலீஸ் காரும் ஆம்புலன்ஸும் எரிஞ்சது. 40 வருஷத்துக்கும் மேல சிங்கப்பூர் இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. 25 பேர் மேல வழக்கு; 57 பேர் நாட்டை விட்டே அனுப்பப்பட்டாங்க. குடியும் ஒரு காரணம்னு விசாரணைக் குழு சொல்லிச்சு.

2015 ஏப்ரல்ல புதுச் சட்டம் வந்தது. நாடு முழுக்க ராத்திரி 10.30-ல இருந்து காலை 7 மணி வரை பொது இடத்துல குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியா, கேலாங் ஏரியாவுல சனிக்கிழமை காலை 7-ல இருந்து திங்கள் காலை 7 வரைக்கும் தடை. மீறினா ஆயிரம் டாலர் வரை அபராதம். இந்த ரெண்டு ஏரியாவுல இன்னும் கூடுதல். லைசென்ஸ் இருக்கிற கடைக்குள்ள உட்கார்ந்து குடிச்சா பிரச்னை இல்ல.

கவனிச்சீங்களா பாஸ்? அதே டைகர்தான். காசு இருக்கிறவருக்கு நாற்காலி இருக்கு. புல்தரையை நம்பினவருக்கு அதுவும் இல்ல. கலவரத்துக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா, அன்னிக்குக் கல்லே எடுக்காதவங்களோட ஞாயித்துக்கிழமையும் சேர்ந்துல்ல போயிடுச்சு!

அதனால, நாளைக்கு நீங்க ஃப்ளைட் ஏறினா, முதல்ல அந்த ஊர்ச் சட்டத்தைப் படிங்க. ஜெர்மனியில 16 வயசுலயே பீர் வாங்கலாம். சிங்கப்பூர்ல 18. குவைத்ல மதுவுக்கே தடை. விசா போனா வேலை போகும். ஊர்ல வாங்கின கடன் மட்டும் போகாது. அப்புறம், பக்கத்து டேபிளைப் பார்க்கிற மாதிரி, டேபிளே கிடைக்காதவங்களையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

'இப்போ ஞாயித்துக்கிழமை என்னண்ணா பண்றீங்க?'னு மூத்தவரைக் கேட்டேன். 'டீதான். ஆனா, அதே ஆளுங்க!'

ரெண்டு பேரும் ஒரே தெரு. நாலு வருஷமா ஒரே ஊர்ல வேலை. அங்க ஒரு நாள்கூட சேர்ந்து உட்கார்ந்ததில்லையாம்.

சாஃப்ட்வேர் அண்ணன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்... 'அடுத்த ஞாயிறு நானும் டீக்கு வர்றேண்ணே!'