'வெளிறிய' என்னும் சொல்

'வெளிறிய' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதும்படி தமிழாசிரியை ஒரு நாள் கூறினார்கள். "வெளிறிய பாலைக் குடித்தோம்" என்று ஒருத்தி எழுத, வகுப்பே சிரித்தது. ஆயினும் அது ஏன் பிழை என்று சொல்ல எங்களில் எவராலும் இயலவில்லை.

ஆசிரியை விளக்கினார்கள். பால் வெண்மையானது, வெண்மையும் ஒரு நிறமே. குவளையில் முகந்த தாமிரபரணித் தண்ணீர் நிறமற்றது. வெளிறியதோ, இருந்த நிறத்தை இழந்தது. 'வெளிறு' என்னும் வினையிலிருந்து பிறந்த இறந்தகாலப் பெயரெச்சம் அது. வெயிலில் வெளிறிய துணி, அச்சத்தால் வெளிறிய முகம் என எழுதலாம்.

'வெளிறு' பெயர்ச்சொல்லாகவும் வரும். வைரம் பாயாத மரத்திற்கு அப்பெயர் உண்டு. நம் நெல்லைச் சீமையில் கூரைக்கு வைரமேறிய பனையையே தேடுவார்கள். அறியாமைக்கும் வெளிறு என்று பெயர். கற்றவரிடத்தும் ஆராய்ந்து பார்த்தால் அது இல்லாதிருத்தல் அரிது என்பது 503ஆம் குறளின் கருத்து.

அக்குறளுக்கு நாங்களே சான்றானோம். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய தோழி ஒருத்தியிடம், "நல்லா வெளுத்துட்டியேடி!" என்றோம். அவளும் மகிழ்ந்தாள். ஆனால் மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. சகோதரி ஒருவர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "இது அழகு இல்லம்மா, சோகை" என்றார்கள். பரிசோதித்தபோது டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமேனும் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8 கிராமே இருந்தது. வெளிறியது அவள் முகம். வெளிறு இருந்தது எங்கள் அறிவில்!

இது ஒருத்தியின் குறை மட்டுமன்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. கருநிறத்தவரிடம் முகத்தில் இது எளிதில் தெரியாது. கீழ் இமையிலும் நகத்திலும் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனையே உறுதி செய்யும். முருங்கைக்கீரை, பயறு, மீன் ஆகியவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவுண்டவுடன் தேநீர் அருந்தினால் அது குறையும்.

வெளுத்ததெல்லாம் பால் அன்று, தோழியரே! இனி ஒருத்தியை "வெளுத்துவிட்டாய்" என்று புகழுமுன், "மூச்சு வாங்குகிறதா? தலை சுற்றுகிறதா?" என்று கேட்போம். வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பைக்கூடையில் போடாமல் விழுங்குவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்