முன்களத்துக்கு ஏற்ற ஆட்டக்காரர்

ஆம்பூரில் ஷூ கம்பெனியின் கட்டிங் பகுதியில் நிற்கும் அனுபவசாலி, பதனிட்டு வந்த தோலை மேஜைமீது விரித்து, விரலால் இழுத்துப் பார்த்து, முதுகுப் பாகத்தின் இறுக்கமான தோலை ஷூவின் முன்பக்கத்துக்கும், இழுத்தால் நீளுகிற வயிற்றுப் பாகத்தை வெளியே தெரியாத துண்டுகளுக்கும் ஒதுக்குகிறார். எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்ற அந்தக் கேள்வியையே கால்பந்து வீரர்களைக் குறித்துக் கேட்கிறது இக்காலப் புள்ளிவிவர சாஸ்திரம்.

பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரியாயிருந்த சார்லஸ் ரீப் என்பவர், 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் அணியின் ஆட்டமொன்றில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து தாக்குதல்களைக் குறிக்கத் தொடங்கி, பல்லாண்டு உழைத்து, பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் விழுகின்றன என்று கண்டு, பந்தை நீளமாக முன்னே உதைப்பதே உத்தமம் என்று தீர்மானித்தார். உழைப்பு வணக்கத்துக்குரியது, தீர்மானம் பிழையானது. தாக்குதல்களில் பெரும்பாலானவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுகிறவையே ஆதலால், கோல்களும் அங்கே அதிகமாகத் தோன்றுவது இயல்பு. நூறு தாக்குதலுக்கு எத்தனை கோல் என்று வகுத்திருந்தால், நீண்ட பாஸ் தொடர்களின் பலன் அவருக்குப் புலப்பட்டிருக்கும்.

இன்று வழங்கும் 'எக்ஸ்ஜி' என்னும் எதிர்பார்ப்பு கோல் அளவு, ஷாட் அடித்த தூரம், கோணம், காலால் அடித்ததா தலையால் முட்டியதா, பந்து எவ்விதம் வந்தது ஆகியவற்றை முந்தைய ஆயிரக்கணக்கான ஷாட்களோடு ஒப்பிட்டு, அது கோலாகும் சாத்தியத்தைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணாகக் கூறுகிறது. பெனால்ட்டிக்கு ஏறத்தாழ 0.76, பெனால்ட்டி பெட்டிக்கு வெளியே வெகுதூரத்திலிருந்து அடிப்பதற்குப் பெரும்பாலும் 0.05-க்கும் குறைவு.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதியாட்டத்தைச் சென்னையின் எஃப்.சி. 3–2 என வென்றபோது, அந்த அணியின் மூன்று கோல்களுள் இரண்டைப் போட்டவர் தற்காப்பு வீரரான பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வஸ். இரண்டும் கார்னர் கிக்கிலிருந்து தலையால் முட்டியவை. கோல் பட்டியலை மட்டும் நோக்குபவர், இவரை முன்களத்திலேயே நிறுத்தலாமே என்று கேட்கக்கூடும். ஷாட்களை வகைபிரித்து நோக்குபவரோ, எதிரணியின் தற்காப்பைக் கடந்து ஓடி, பின்னாலிருந்து வரும் பாஸைப் பெறும் திறமைக்கு அவை சாட்சியமாகா என்பார். அந்தப் பொறுப்பு, அப்பருவத்தில் 9 கோல்கள் போட்ட மிஸோரம் வீரர் ஜேஜே லால்பெக்லுவா போன்ற முன்கள ஆட்டக்காரருடையது.

ஆகவே புதிய முன்கள வீரரைச் சேர்க்குமுன், 90 நிமிஷத்துக்கு அவருடைய எக்ஸ்ஜி எவ்வளவு என்பதோடு, அதில் எத்தனை பங்கு பக்கவாட்டு கிராஸ்களால் வந்தது, எத்தனை பங்கு நடுவே ஊடுருவிய பாஸால் வந்தது, அவ்விதப் பந்துகளை நம் அணி கொடுக்கிறதா என்றெல்லாம் ஆராய வேண்டும். கிராஸ் போடுவாரில்லாத அணியில் தலையால் முட்டுவதில் வல்லவர் பட்டினி கிடப்பார். மேற்சொன்ன ஐ.எஸ்.எல். பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் லீக் ஆட்டங்கள் 18 மட்டுமே. அத்தனை சொற்பமான ஷாட்களில் அதிர்ஷ்டமும் திறமையின் வேஷம் போடும் ஆதலால், இரண்டு மூன்று பருவங்களைச் சேர்த்தே எடைபோடுவது நியாயம்.

நொடிக்கு 25 தடவை ஒவ்வொரு வீரரின் ஸ்தானத்தையும் பதியும் காமிரா ஏற்பாடு ஆம்பூர்ப் பள்ளி மைதானங்களுக்கு எட்டாது. ஆனால் மைதானத்தின் படத்தைத் தாளில் வரைந்து, ஷாட் எங்கிருந்து, எதனால், யார் கொடுத்த பாஸில் என்று ஒரு மாணவன் குறித்துவந்தால், அடுத்த பருவத்துக்கு முன்களத்தில் யாரை நிறுத்துவது என்று பயிற்சியாளர் யோசிக்க அந்தத் தாள்களே போதும்.