முதல் கேள்விக்கு ஓர் இடம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்கு அருகே, காலேஜ் பார்க் என்னும் ஊரிலுள்ள மேரிலாண்ட் சர்வகலாசாலையில் 2015-ஆம் ஆண்டு முதல் ‘டெக்னிகா’ என்ற பெயரில் மாணவர்களே நடத்திவரும் ஹேக்கத்தான் ஒன்று உண்டு. சிறு சிறு குழுக்களாகக் கூடி, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாமல் உழைத்து, மனத்தில் தோன்றிய யோசனையை ஓடிக் காட்டும் புரோகிராமாகவோ கருவியாகவோ உருவாக்கி, நடுவர்கள் முன் வைக்கும் போட்டி அது. பெண்களுக்கும், ஆண் பெண் என்ற இருமைக்குள் தம்மை அடக்கிக்கொள்ளாத மாணவர்களுக்கும் என்றே அது ஏற்பட்டிருப்பதுதான் அதன் விசேஷம்.

இவர்களுக்கென்று தனியாக ஒன்று ஏன் என்று கேட்பவர்கள் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1946-ல் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்ற பிரம்மாண்டமான யந்திரத்துக்குக் கணக்கை வகுத்து, கம்பிகளையும் சுவிச்சுகளையும் அதற்கேற்ப அமைத்து இயக்கிவைத்தவர்கள் ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் முதலிய ஆறு பெண்களே. 1984-ஐ ஒட்டி அந்நாட்டில் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேர் பெண்கள். 2010-ஐ ஒட்டியோ அது 18 ஆகச் சுருங்கிவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர் பையன்களின் விளையாட்டுச் சாமானாக விளம்பரம் பெற்ற காலத்தில், அதனோடு பழகி வளர்ந்தவன் பாதிப் பாடத்தை அறிந்தவனாகவே கல்லூரிக்கு வந்து அமர, எல்லாரும் அவ்வளவு அறிந்தவர்களே என்று கருதி ஆசிரியரும் பாடத்தை நடத்த, புத்தியில் அவனுக்கு எவ்விதத்திலும் குறையாத பெண், இது தனக்கு வராது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு ஒதுங்கிப்போனாள்.

கார்னகி மெலன் சர்வகலாசாலையில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகிய இருவரும் இதைத் துருவி ஆராய்ந்தார்கள். முன்பழக்கம் இல்லாதவர்கள் தொடங்குவதற்கு வேறு வகுப்புகள் ஏற்பட்டு, சேர்க்கை முறையும் மாறியபின், புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்களின் பங்கு 1995-ல் நூற்றுக்கு 7 ஆக இருந்தது 2000-ல் 42 ஆயிற்று. குறை எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

இத்தகைய ஹேக்கத்தானின் அருமை நள்ளிரவுக்குமேல்தான் தெரியும். ஒரே கோப்பில் ஒரே வரியை இரண்டு பேர் தனித்தனியே திருத்திவைத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக்க முயலும்போது, பலர் எழுதுவதைச் சேர்த்து வைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருள் சம்மதிக்காமல், அம்புக்குறிகளுக்கு நடுவே இருவர் எழுதியதையும் மேலும் கீழுமாகத் திரையில் நிறுத்திவிடும். முதல்முறை அதைக் காண்பவர், அத்தனை நேர உழைப்பும் பாழாயிற்று என்றே பதறிப்போவார். கலப்பான குழுவில் தனியொருத்தியாக இருக்கும் மாணவிக்குப் பல சமயங்களில் நேர்வது என்னவென்றால், அவள் சந்தேகம் கேட்க வாயெடுக்குமுன் லேப்டாப் வேறொருவர் மடிக்குப் போய்விடும். ஸ்லைடு தயாரிக்கும் வேலை அவளிடம் வந்து சேரும். இத்தகைய ஹேக்கத்தானிலோ, உதவிக்கு வரும் நல்ல வழிகாட்டி, அதாவது மென்டார், கீபோர்டைத் தொடுவதில்லை. “பதறாதே, இந்தக் குறிகளுக்கு நடுவே எது நீ எழுதியது, சொல்” என்று பக்கத்தில் நின்று கேட்பார். அழிப்பதும் வைப்பதும் அவள் விரல்களாலேயே நடக்கும்.

பெண்களுக்கு என்று மட்டும் கதவைத் திறந்தால், ஆணுமல்ல பெண்ணுமல்ல என்று தம்மை உணர்பவர் அந்த வாசலிலும் தயங்கி நிற்க நேரும். தாமும் வரலாமா என்று அவர் எவரிடமும் விசாரிக்க வேண்டாதபடி அழைப்பிலேயே அவரையும் சேர்த்துச் சொல்வது மரியாதையின் முதல் படி. பெயரட்டையில் தம்மை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று எழுதிக்கொள்ளும் வழக்கமும் இதனோடு சேர்ந்தது. அற்ப விஷயமாகத் தோன்றினாலும், இரவெல்லாம் உடனிருந்து வேலை செய்யப்போகிறவர்களுக்குத் தம்மைத் திரும்பத் திரும்ப விளக்கும் சிரமத்தை அது மிச்சப்படுத்துகிறது.

தனித்துப் பிரித்துவைப்பதால் பேதம் வளராதா என்று நல்லெண்ணத்தோடே ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் இரவு கூடிக் கலைந்தபின் இம்மாணவர்கள் திரும்பிப் போவது எல்லாரும் சேர்ந்து படிக்கும் அதே வகுப்புக்குத்தான் என்பதால், அந்தப் பயம் எனக்கு இல்லை. என் கவலை வேறு. கார்னகி மெலனில் மாறியது பாடமும் சேர்க்கையும். அவற்றைத் தொடாத ஒரு கல்லூரி, இப்படியொரு ஹேக்கத்தானுக்கு மண்டபம் கொடுத்ததோடு தன் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டால், திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியர் பழையபடி பாதிப் பாடத்தைத் தாண்டியே ஆரம்பிப்பார்.