கேர் ஆஃப் ஏனாத்தூர்!

ராத்திரி பதினோரு மணி. சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"ரிடையராகி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் யார் பேப்பரைத் திருத்தறீங்க?" என்றாள் சகதர்மிணி.

"இன்டர்நெட் பேப்பரை!" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

நிஜம்தான், சார். இன்டர்நெட்டின் விதிமுறைகளை எழுதுகிற ஐ.இ.டி.எஃப். அமைப்பில் சேர சந்தாவும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். வரைவை யார் வேண்டுமானாலும் படித்துக் குறை சொல்லலாம், ஏனாத்தூரிலிருந்தும்! ஆறு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் வரைவு காலாவதி, இருமல் டானிக் மாதிரி.

என் கைக்கு வந்தது, ஊர்விட்டு ஊர் போகிற செல்போனைத் தகவல் தேடிப் பிடிக்கிற சமாசாரம். 1996-லேயே 'மொபைல் ஐ.பி.' என்று இதற்கு விதி எழுதிவிட்டார்கள். சொந்த ஊர் விலாசம் மாறாது, போன இடத்தில் ஒரு 'கேர் ஆஃப்' விலாசம் (அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்!). ஊரில் இருக்கிற ஏஜெண்ட் அங்கே திருப்பி விடுவார்.

சரி, "அவர் தபாலை இனி இங்கே அனுப்பு" என்று வேறு எவனாவது சொன்னால்?

எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. எழுபதுகளில் தறி வேலைக்காகக் குடும்பத்தோடு ஆரணி போயிருந்தோம். "அண்ணன் ஊர்ல இல்ல, நான் சேத்துடறேன்" என்று பங்காளி ஒருத்தர் அப்பாவுக்கு வந்த மணியார்டரை வாங்கிக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை. பட்டு நெய்கிற வீட்டில்!

மொபைல் ஐ.பி.வி.6 வரைவிலும் இதே ஓட்டை. ஜான்சன், பெர்க்கின்ஸ், ஆர்க்கோ என்ற மூவரும் 24-ம் எண் வரை வரைவைத் திருத்தி, 2004-ல் கரையேறினார்கள். வைத்தியம் இதுதான்: பழைய விலாசத்துக்கு ஒரு ரகசியச் சீட்டு, புது விலாசத்துக்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறவன்தான் நிஜ ஆசாமி. தபால்காரருக்கு இது தெரிந்திருந்தால் எனக்கு ஒரு டிராயர், சட்டை மிஞ்சியிருக்கும். (செல் கம்பெனிகள் பெரும்பாலும் வேறு வழியில் போய்விட்டன என்பது தனிக் கதை.)

இந்த வரைவில் அந்தச் சோதனைக்கு 'ஷுட்' என்று போட்டிருந்தார்கள். இவர்கள் அகராதியில் 1997 முதல் 'மஸ்ட்' என்றால் கட்டாயம்; 'ஷுட்' என்றால் தகுந்த காரணம் இருந்தால் விட்டுவிடலாம். மாமியார் சொல்வதற்கும் மாமனார் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்.

'மஸ்ட்' ஆக்குங்கள் என்று எழுதி அனுப்பினேன். விடிவதற்குள் பதில்: "ஏன்? ஓர் உதாரணம் தர முடியுமா?"

மணியார்டர் கதையை இங்கிலீஷில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'பங்காளி'க்கு என்ன வார்த்தை, சார்?