பர்சில் தூங்கும் அட்டை

நம் வகுப்பில் நின்று, "யாரிடமெல்லாம் ஏ.டி.எம். கார்டு இருக்கு?" என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் கை தூக்குவோம். "கடைசியா எந்தக் கடையில் அதைத் தேய்ச்சே?" என்று கேட்டால் பாதிப் பேர் விட்டத்தைப் பார்ப்போம். டீக்கும் வடைக்கும் போனை நீட்டி ஸ்கேன் பண்ணுகிறோம். கார்டு பர்சுக்குள் தூங்குகிறது. இது நம் காலேஜ் கதை மட்டுமில்லை, நாடு முழுக்க நடக்கிற மாற்றம். அது எப்படி வந்தது, அந்த அட்டையை மறந்தால் நமக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்போம்.

கார்டு வந்த கதை

கிரெடிட் கார்டில் செலவாவது பேங்க் பணம். பிறகு கட்டியாக வேண்டும். டெபிட் கார்டில் செலவாவது நம் கணக்கில் கிடக்கிற நம் சொந்தப் பணம். வித்தியாசம் இவ்வளவுதான்.

உலகின் முதல் ஏ.டி.எம். 1967 ஜூன் 27-ல் லண்டன் என்ஃபீல்டில் திறக்கப்பட்டது. இந்தியாவுக்கு அது 1987-ல் மும்பையில் வந்தது. ரொம்ப காலம் கார்டு என்பது மாதச் சம்பளக்காரர்கள் சமாச்சாரமாகவே இருந்தது. 2012-ல் நம் நாட்டுச் சொந்தத் தயாரிப்பாக ரூபே கார்டு வந்தது. 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன் தன் திட்டம் தொடங்கியதும் கூலி வேலை செய்பவர் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2022-ல் புதுமைப்பெண், 2023-ல் மகளிர் உரிமைத்தொகை, 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று ஆயிரம் ரூபாய் நேராகக் கணக்கில் விழும் திட்டங்கள் வந்தபோது, நம் வீட்டுப் பெண்கள் பலர் கார்டும் கையுமானார்கள்.

ஏறியதும் இறங்கியதும்

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் நோட்டு இல்லை, ஏ.டி.எம். வாசலில் நீண்ட வரிசை. கார்டு தேய்க்கும் மெஷின் சின்னக் கடைகளுக்கும் வந்தது. ஆனால் அதே 2016-ல்தான் யு.பி.ஐ.யும் பிறந்தது. அங்கேதான் திருப்பம்!

ரிசர்வ் வங்கிக் கணக்கைப் பாருங்கள். டெபிட் கார்டால் பொருளுக்குப் பணம் கட்டியது 2021-22-ல் சுமார் 394 கோடி முறை. 2022-23-ல் 342 கோடி. 2023-24-ல் 229 கோடி. அதே 2023-24-ல் கிரெடிட் கார்டு 356 கோடி முறை பயன்பட்டது. யு.பி.ஐ.யோ 13,000 கோடி முறைக்கு மேல்!

காரணம் என்ன? கார்டு மெஷினுக்குச் செலவு உண்டு, வாடகை உண்டு. ஸ்கேன் பண்ணும் படம் வெறும் காகிதம்; பூக்கார அம்மாவும் கூடையில் தொங்கவிடலாம். கார்டை மறந்துவிட்டு வெளியே போகிறோம், போனை மறப்பதில்லை. பெரிய தொகைக்குப் போனால் தவணை, தள்ளுபடி, பாயின்ட் என்று கிரெடிட் கார்டு இழுக்கிறது. சின்னச் செலவு போனுக்கும், பெரிய செலவு கிரெடிட் கார்டுக்கும் போக, டெபிட் கார்டுக்கு மிஞ்சியது பெரும்பாலும் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும் வேலைதான்.

அப்போ தூக்கிப் போட்டுடலாமா?

கூடாது! யு.பி.ஐ.க்குப் பின் நம்பர் வைக்கும்போது கார்டின் கடைசி 6 எண்களையும் காலாவதித் தேதியையும் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? பூட்டு போனில் இருந்தாலும் சாவி அந்த அட்டைதான். அது யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து. இன்னொன்று: வைஃபை மாதிரி கோடு போட்ட கார்டில், 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே தட்டி எடுக்கலாம். அந்த வசதி வேண்டாமென்றால் பேங்க் ஆப்பிலேயே அணைத்து வைக்கலாம்.

அடுத்தது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். ஜன் தன் ரூபே கார்டில் விபத்துக் காப்பீடு உண்டு. 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு 2 லட்ச ரூபாய், அதற்கு முந்தையவற்றுக்கு 1 லட்சம். ஆனால் ஒரு நிபந்தனை! விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் கார்டுக்காரர் ஒரு பரிவர்த்தனையாவது செய்திருக்க வேண்டும். ஏ.டி.எம்.மில் பேலன்ஸ் பார்த்தாலும் போதும். பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்த கார்டு, கஷ்ட காலத்தில் குடும்பத்துக்கு உதவாமல் போகலாம். சாரத்தில் ஏறி வேலை செய்கிற அப்பாக்கள் இருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமா?

தெரிந்துகொள்ள வேண்டியவை

1. சொந்த பேங்க் ஏ.டி.எம்.மில் மாதம் 5 முறை இலவசம். மற்ற பேங்க் என்றால் பெருநகரத்தில் 3, பிற ஊர்களில் 5. அதற்கு மேல் போனால் 2025 மே முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிப்பார்கள், வரி தனி. நூறு நூறாக எடுத்தால் ஆயிரம் ரூபாய் கரைந்துவிடும்.

2. பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்ததா? 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி பேங்க் 5 நாளைக்குள் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு.

3. திருட்டுத்தனமாகப் பணம் போனால் உடனே பேங்குக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள். 1930-க்கும் போன் போடுங்கள். 2017 உத்தரவு, நம் தப்பு எதுவும் இல்லாமல் வெளியார் மோசடியால் பணம் போய், 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டமில்லை என்கிறது. பின் நம்பரை நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது போனதுதான்.

இந்த மூன்றாவதில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் மாட்டுகிறார்கள். "தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடுப்பா" என்று முன்பின் தெரியாதவர் கையில் கார்டையும் நம்பரையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். மெஷின்தான் பயம், மனுசன் மேல் பயமில்லை! என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நம்பர் பார்த்து பஸ் ஏறுவார். நம்பர் தெரிந்தால் ஏ.டி.எம்.மும் வசப்படும்தானே? மூன்று மாதம் கூடவே போய் நின்றேன். பொத்தானை அவர்தான் அழுத்தினார். இப்போது தனியாகவே எடுக்கிறார். "என் காசை நானே எடுத்தேன்டா" என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

படித்தவன் வீட்டில் ஒருவன் இருந்தால், படிக்காதவர் பணம் ஏன் பறிபோக வேண்டும்? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கார்டுகளை வெளியே எடுங்கள். காலாவதி ஆகிவிட்டதா, உறையில் பின் நம்பர் எழுதியிருக்கிறதா, 90 நாளில் ஒரு முறையாவது பயன்பட்டதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான், நண்பர்களே!